தட்டில் ஏறிய ஏக்கம்

கேள்வி: 'ஈமோ' என்று என் மகன் ஓயாமற் கேட்கும் சங்கீதம் யாது? அழுகைக்கு எதற்கு ஐயா இத்தனை கிற்றார்? (கொக்குவில்)

பதில்: ஒப்பாரிக்கு நம்மூரிற் பறை எதற்கோ, அதற்கே. 1980களின் நடுவில், வாஷிங்டன் நகரத்து இளைஞர் ஆவேசமான பங்க் இசைக்குள்ளே தம் அந்தரங்க வேதனையையும் கொணர்ந்தபோது தோன்றிய மரபு அது. அம்மரபில் வந்த இல்லினோய் பல்கலைக்கழக மாணவர் மூவர், 'அமெரிக்கன் ஃபுட்போல்' என்னும் பெயரில் 1999இல் முதல் முழு இசைத்தட்டை வெளியிட்டு, சிறிது காலத்தில் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்தனர்; அத்தட்டைக் கேட்டே வளர்ந்ததொரு தலைமுறை 2014இல் அவர்களை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தது.

கேள்வி: நம்மவர் எவரேனும் இப்படிப் பாடிப் பதிந்ததுண்டா? (உரும்பிராய்)

பதில்: உரும்பிராயிலிருந்து இக்கேள்வி வருவது விசேஷந்தான்! உங்கள் ஊரவராகிய நித்தி கனகரத்தினம், 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்தில், பைலாத் தாளத்திலே பேச்சுத்தமிழை ஏற்றிக் கட்டிய 'சின்ன மாமியே' அல்லவா ஈழத்துப் பொப் இசைக்கு வாசல் திறந்தது! ஆயினும் அது களிப்பு; ஏக்கத்துக்குத் திருகோணமலைக்குப் போகவேண்டும். எம். பி. பரமேஷ், தாம் நேசித்த பெண்ணை எண்ணி இயற்றிப் பாடிய 'உனக்குத் தெரியுமா', இலங்கையின் முதலாவது தமிழ் இசைத்தட்டு எனப் போற்றப்படுவது. திரையிலே எவனோ ஒரு நாயகனுக்காக எவரோ கற்பித்த காதலையே இரவல் வாங்கிப் பாடிக்கொண்டிருந்த நமக்கு, பாடுகிறவனுடைய சொந்த நெஞ்சமே பாட்டுக்குப் போதிய விஷயம் என்று காட்டியது அந்தச் சிறு தட்டு. அதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

கேள்வி: அத்தட்டுகளெல்லாம் எங்கே? (சாவகச்சேரி)

பதில்: இடப்பெயர்வில் போனவை அநேகம். பாட்டைக் காத்தவை, 'றெக்கோடிங் பார்' எனப்பட்ட ஒலிப்பதிவுக் கடைகளில் பதிந்து கைமாறிய ஒலிநாடாக்களே. 1990க்குப் பின், போர்க்காலத்தில், மின்சாரமுமின்றி, பற்றறிக்கும் தடை வந்துவிட, சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்திலே பாட்டுக் கேட்ட யாழ்ப்பாணக் குடாநாடு இது. சுற்றுகிறவர் கை சோர்ந்தாற் பாடகர் குரலும் இழுபடும். சோகப்பாட்டு இன்னுஞ் சோகமாகும்!

கேள்வி: நாங்களும் பாட்டுக் கட்டியிருக்கிறோம். ஸ்ரூடியோவுக்குக் காசில்லை. (பருத்தித்துறை)

பதில்: கைத்தொலைபேசி போதும், தம்பி. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலுக்குச் சேலையைத் தொங்கவிட்டு, ஒரே மூச்சிற் பாடுங்கள். தாளம் பிசகினால் மறுபடி பாடலாம். குரல் நடுங்கினால் அப்படியே விடுங்கள். வாசித்தவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் எழுதி, ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிச் சேகரிக்கும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள், எனக்கும் ஒன்று.