விதியை மீறிய 'வியர்ட்'

கேள்வி: 'வியர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஈ' முதலில் வருமா, 'ஐ' முதலில் வருமா? ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன். எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

பதில்: 'ஈ'தான் முதலில். 'ஐ' முன்னால், 'ஈ' பின்னால்; 'சி'க்கு அடுத்து வந்தால் தலைகீழ் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு விதி சொல்லியிருப்பார்கள். 'பிலீவ்', 'ஃபீல்ட்', 'ரிசீவ்' எல்லாம் அதற்கு அடங்கிப் போகும். 'வியர்ட்' அடங்காது. வேடிக்கை என்னவென்றால், ஆதியில் அந்தச் சொல்லுக்கே 'விதி' என்றுதான் பொருள்! இலக்கண விதி இல்லை, தலைவிதி. பழைய ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்.

இங்கிலாந்தில் வழக்கொழியப் பார்த்த சொல், ஸ்காட்லாந்தில் பிழைத்துக் கிடந்தது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தில் வருங்காலம் உரைக்கும் மூன்று சூனியக்காரிகள் 'வியர்ட் சிஸ்டர்ஸ்', அதாவது விதிச் சகோதரிகள். 1623-இல் வந்த முதல் ஃபோலியோ பதிப்பில் இந்தச் சொல் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் அச்சாகியிருக்கிறது. ஆக, தடுமாற்றத்தில் நீங்கள் முதல் ஆள் இல்லை!

அந்தக் கிழவிகளின் கோலத்தைப் பார்த்தோ என்னவோ, 19-ஆம் நூற்றாண்டில் 'விசித்திரமான' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. பழைய பொருளை இன்று யாரும் சீண்டுவதில்லை.

எழுதும்போது சந்தேகம் வந்தால், 'நாம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முதலில் எழுதிவிடுங்கள்: டபிள்யூ, ஈ. மிச்சம் ஐ, ஆர், டி.