கட்டுக் கட்டாய் நாணயம்

2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்க, வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. பணப் பட்டுவாடாவுக்காக மக்களவைத் தேர்தல் ஒன்று ரத்தானது நாட்டிலேயே முதல் முறை. காட்பாடிப் பக்கம் சிமென்ட் குடோனில் சிக்கிய 11 கோடிக்கு மேற்பட்ட பணத்தில் வார்டு வாரியாகக் குறித்துவைத்த கட்டுகள்! ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்காரர்கள்கூட அசந்துபோயிருப்பார்கள்.

2022இல் அதே காட்பாடியில் ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவன மோசடி வெடித்தது. லட்சம் கட்டினால் மாதம் 6,000 முதல் 10,000 வரை வட்டியாம். நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். ‘அப்படி என்ன தொழிலய்யா?’ என்று கேட்டவன் பொறாமைக்காரன். அங்கே யார் பெயருக்கு எவ்வளவு என்ற கணக்கை, பிறகு போலீஸ்தான் போட்டது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பவரே மேல். பட்டியலாவது சுத்தமாக வைத்திருக்கிறார்.