வில்லங்கம் அறிந்த வித்தகருக்கு

போலிப் பத்திரம் வைத்து அடமானக் கடன் வாங்கும் வித்தகரே, உங்களைப் போற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன். நாங்கள் வீட்டுப் பத்திரத்தைத் துணிப்பையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு சரி. நீங்கள் அப்படியில்லை. சர்வே எண், நான்கெல்லை, தாய்ப்பத்திரத்தின் ஆண்டு, எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் பெயர் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சொந்தக்காரரே படிக்காத பத்திரத்தை வரி விடாமல் படித்தவர் நீங்கள்.

யாரும் எட்டிப் பார்க்காத இடங்களைத் தேடிப்போய்ப் பார்க்கிறீர்களே, அந்த அக்கறைக்கு ஈடில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே காலம் தள்ளும் முதியவரின் வீடு. வேலி சரிந்து கருவேலம் முளைத்துக் கிடக்கும் மனை. பங்காளிகள் முகம் கொடுத்துப் பேசாத பூர்வீகச் சொத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் எடுக்கிறீர்கள். அசல் தொலைந்துவிட்டதென்று ஒரு புகார், நாளிதழில் ஒரு விளம்பரம். பெயரும் வயதும் பொருந்துகிற ஒருவரைப் பிடித்து, ஆதார் அட்டையில் படத்தை மாற்றி, பெருவிரலை உருட்டச் செய்கிறீர்கள். பெற்ற மகனுக்கே வராத அப்பாவின் கையெழுத்து உங்களுக்கு வருகிறது. மூச்சுவிட்டுக் கொண்டிருப்பவருக்கு இறப்புச் சான்றும், பிறக்காத பிள்ளைக்கு வாரிசுச் சான்றும் உங்கள் கையால் கிடைக்கின்றன.

வங்கிக்குள் நுழைந்த பிறகு உங்கள் நாணயம் இன்னும் ஒளிர்கிறது. முதல் சில தவணைகளை நாள் தவறாமல் கட்டுகிறீர்கள். உண்மையான சம்பளக்காரன் மாதக் கடைசியில் தவணைக்குத் தவிக்கும்போது, உங்கள் கணக்கில் ஒரு குறையும் இராது. சந்தேகம் எழாத அளவுக்குக் கட்டிவிட்டு, பிறகுதான் நிறுத்துகிறீர்கள். அந்தப் பொறுமை எங்களில் யாருக்கு உண்டு?

துணை நின்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. இடத்துக்குப் போகாமலே சதுர அடி சொன்ன மதிப்பீட்டாளர், நகலைப் பார்த்தே சொத்தில் வில்லங்கம் இல்லை என்று கருத்துரை எழுதிய வழக்கறிஞர். வழக்கறிஞரின் கவனக்குறைவு மட்டுமே குற்றமாகாது, சதியில் அவருக்குப் பங்கு இருந்ததென்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

உங்களுக்காக நாடு செய்திருக்கும் மரியாதைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் என்று ஏற்று, அதற்கு கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் முதலிய ஊர்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. வணிகர்களின் சொல்லையும் தாளையும் நம்பிச் செய்த ஏற்பாடு அது. அந்த நம்பிக்கையின் ஆழத்தை அளந்து பார்த்தவர் நீங்கள்: ஒரே வீட்டுக்கு மூன்று ‘அசல்’ தயாரித்து மூன்று வங்கிகளில் வைத்தீர்கள். அதனால்தான் அடமானங்களைப் பதிந்து வைக்க ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவகம் 2011-இல் வந்தது. அதே ஆண்டு தமிழகக் காவல்துறையில் நில அபகரிப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. 2022-இல் மோசடிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பறிகொடுத்தவர் மறுபடி உரிமையியல் நீதிமன்றப் படி ஏற வேண்டும். உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கிடைத்தன.

தண்டனையிலும் குறை வைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றிச் சொத்தைப் பெறுவதற்கு 318(4) பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக உருவாக்கினால் 338-ஆம் பிரிவு ஆயுள் சிறை வரை போகும். பணமோசடித் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால், நீங்கள் வாங்கிக் குவித்ததை அமலாக்கத்துறை முடக்கும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கின்றன. உங்களிடம் வந்து சேரத்தான் முதல் தகவல் அறிக்கை, தடயவியல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, வாய்தா என்று வழி நீள்கிறது.

சொந்தக்காரரிடம் சட்டம் இத்தனை நிதானம் காட்டுவதில்லை. நீங்கள் தவணையை நிறுத்தி 90 நாள் போனால் வாராக்கடன். வங்கிக் கடன் மீட்புக்கான சர்ஃபேசி சட்டத்தின்படி, கடனைக் கட்ட 60 நாள் கெடு. பிறகு ஒரு காலை, மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பும் முதியவர் தம் வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்க்கிறார். கேள்விப்படாத பெயர், வாங்காத கடன். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக அவருக்கு 45 நாள்தான். திருநெல்வேலிக்காரர் என்றால் மதுரைக்கு ஓட வேண்டும். போலிப் பத்திரம் யாருக்கும் உரிமை தராது, அதன் மேல் எழுந்த அடமானம் உண்மையான சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. ஆனாலும் தாம் கட்டிய வீடு தம்முடையதுதான் என்று எழுபது வயதில் கூண்டேறி நிரூபிக்க வேண்டியவர் அவர். குற்றம் செய்தவருக்கு முன்னால், குற்றத்துக்கு ஆளானவர் தண்டனையைத் தொடங்கிவிடுகிறார். வித்தகரே, உங்கள் சாதனைகளிலேயே பெரியது இதுதான். இதற்கு மேல் உங்களைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

இனி உங்களோடு பேச ஒன்றுமில்லை, வாசிப்பவரோடுதான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். ஊரில் அம்மா அப்பா பெயரில் வீடோ மனையோ இருந்தால், இந்த வாரமே அதற்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். போலிப் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடும் கெடு, அது தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.