யார் கூப்பிட்டு நீங்கள் போகிறீர்கள்?

வெளிநாட்டுத் தொண்டு, இன்டர்ன்ஷிப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கே: செமஸ்டர் லீவில் ஆப்பிரிக்கா போய் சேவை செய்ய ஆசை. முதலில் என்ன விசாரிக்க வேண்டும்?
— இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

ப: அங்கே உங்களைக் கூப்பிட்டது யார் என்று விசாரியுங்கள். ஓர் ஊர், ஒரு பள்ளிக்கூடம், அங்கே தினமும் வேலைக்கு வரும் ஒரு மனிதர் என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். ஏஜென்சியின் பெயரும் கட்டணப் பட்டியலும் மட்டுமே வந்தால் அது சுற்றுலா. ஊர் சுற்றிப் பார்ப்பது நல்ல விஷயம், தாராளமாகப் போய் வாருங்கள். சேவைக் கணக்கில் மட்டும் அதை எழுதாதீர்கள்.

கே: மாணவர்களை இப்படி அனுப்பும் வழக்கம் எப்போது தொடங்கியது?
— கல்லூரிப் பேராசிரியர், மதுரை

ப: பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு 1958லேயே வந்துவிட்டது. ஆனால் உலகம் முழுக்கப் பேசவைத்தது அமெரிக்கா. 1960 அக்டோபர் 14, விடிய இன்னும் நேரம் இருக்கிறது, மணி 2. அதிபர் தேர்தல் பிரசாரத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்த கென்னடி, தூங்காமல் காத்திருந்த மாணவர்களைப் பார்த்து, டாக்டருக்குப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் கானாவில் போய் வேலை செய்யத் தயார் என்று கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வேட்டையில் இறங்கியது மாணவர்கள்தான். 1961 மார்ச்சில் அரசுத் தொண்டர் படையாகப் பீஸ் கோர் பிறந்தது. ஆகஸ்டில் முதல் அணியாக 51 பேர் கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கி, விமான நிலையத்திலேயே அந்நாட்டு ட்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். அதே ஆண்டு கனடாவிலிருந்து 15 பேர் இந்தியா, இலங்கை, சரவாக் என்று கிளம்பினார்கள். 1965ல் ஜப்பானும் சேர்ந்துகொண்டது.

பீஸ் கோர் சேவைக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழியும் பயிற்சியும். அந்த 27 மாதம், இன்று ஏஜென்சி விளம்பரங்களில் இரண்டு வாரமாகச் சுருங்கி நிற்கிறது. நான் கவலைப்படுவது அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான்.

கே: என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கே டிமிக்கி கொடுத்த என் நண்பன் கென்யா போகிறானாம். உருப்படுமா?
— மாணவர், சேலம்

ப: இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். 1969ல் தொடங்கிய என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கேட்பது அவ்வளவுதான். பக்கத்துக் கிராமத்தில் அந்த ஏழு நாளை முழுசாக இருந்து முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கென்யாவில் அவருக்கு அது கைகொடுக்கும்.

கே: எங்கள் பல்கலைக்கழகக் குழு கம்போடியாவில் பள்ளிச் சுவர் கட்டப் போகிறது. ஆளுக்கு இரண்டு வாரம் உழைப்பு. இதில் என்ன தவறு காண முடியும்?
— மாணவர், சிங்கப்பூர்

ப: உழைப்பில் தவறில்லை, சுவரில்தான். பிப்பா பிடில் என்ற அமெரிக்க எழுத்தாளர் பள்ளி நாட்களில் தான்சானியாவுக்குப் போன கதையை 2014ல் எழுதினார். நூலகம் கட்டும் வேலை. பகல் முழுக்க மாணவிகள் செங்கல் அடுக்கினார்கள். அடுக்கியது கோணல். ராத்திரி உள்ளூர் ஆட்கள் வந்து அதைப் பிரித்து நேராகக் கட்டி, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டார்கள். ஒரே சுவருக்கு இரண்டு தடவை வேலை, அதுவும் விருந்தாளி மனம் நோகக்கூடாதே என்று.

கம்போடியக் கிராமத்திலும் கொத்தனார் இருக்கிறார், சித்தாள் இருக்கிறார். அவர்களிடம் இல்லாதது கூலி. உங்கள் விமான டிக்கெட் காசில் அவர்களுக்கு எத்தனை நாள் வேலை கொடுக்கலாம் என்று குழுவில் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால், அந்த ஊர்க் கல்லூரி மாணவர்களைச் சம எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் அரசு 2011ல் தொடங்கிய ஐ.சி.எஸ். (இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ்) திட்டத்தில் 18 முதல் 25 வயது பிரிட்டிஷ் இளைஞரை உள்ளூர் இளைஞர் ஒருவரோடு ஜோடி சேர்த்து, ஒரே வீட்டில் தங்கவைத்து வேலை செய்யவிட்டார்கள். கேள்வி கேட்கவும் தப்பைத் திருத்தவும் பக்கத்திலேயே ஆள் இருந்தது. நான் பார்த்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது அது.

கே: மகள் கோடை விடுமுறையில் அநாதை இல்லக் குழந்தைகளோடு ஒரு மாதம் இருக்கப் போகிறேன் என்கிறாள். நல்ல மனசு, தடுக்க மனம் வரவில்லை. நாடு நேபாளமா கம்போடியாவா என்றுதான் யோசிக்கிறாள்.
— ஒரு தாய், டொராண்டோ

ப: அம்மா, தடுத்துவிடுங்கள். அவளை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இந்த இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவிகிதம் கூடியது. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் வரத்து. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்தில் இந்த விகிதம் இன்னும் அதிகம், 85 சதவிகிதம் என்கிறது யுனிசெஃப். மூன்று வேளைச் சோறும் இங்கிலீஷ் படிப்பும் கிடைக்கும் என்று தரகர் வந்து சொல்ல, வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்க்கும் ஏழைப் பெற்றோர் நம்பி அனுப்பிவைக்கிறார்கள். வெளிநாட்டவர் பணம் கட்டி வர வர, பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். 2018ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்த அடிமைமுறையில் சேர்த்துப் பேசியது. 2019ல் ஐ.நா. பொதுச்சபையும் இந்த வகைத் தொண்டால் வரும் கேட்டைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

நல்ல இல்லமாக இருந்தால்? அப்போதும் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த இல்லங்களுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் நெகிழ்ந்து சொல்வது ஒன்றுண்டு: உள்ளே நுழைந்ததுமே குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன, விடவே இல்லை. நம் வீட்டுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும், அப்புறம் ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கும். அதுதான் ஆரோக்கியம். முன்பின் தெரியாதவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, தன்னுடையவர் என்று ஒருவர் நிலையாக இருந்ததில்லை. உங்கள் மகள் ஒரு மாதம் பாசம் காட்டிவிட்டுக் கிளம்புவாள். மறுவாரம் இன்னொரு அக்கா வருவாள். கிளம்புவாள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ல் தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்தின் மடிக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

மகளின் நல்ல மனசு வீணாக வேண்டாம். பிள்ளையைப் பெற்றவரிடமோ, பாட்டி, சித்தி வீட்டிலோ திரும்பச் சேர்த்துவைக்கும் அமைப்புகள் இரண்டு நாட்டிலும் இருக்கின்றன. அவர்களுக்கு நிதி திரட்டலாம். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுக்கலாம். டொராண்டோவில் உட்கார்ந்தே செய்யலாம்.

கே: லண்டனில் மருத்துவம் படிக்கிறேன். இறுதியாண்டு எலெக்டிவ் பயிற்சிக்கு ஆப்பிரிக்கா போனால் பிரசவம் பார்க்கலாம், தையல் போடலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இங்கே அவ்வளவு வாய்ப்புக் கிடைப்பதில்லை.
— மருத்துவ மாணவி, ஹாரோ

ப: லண்டன் ஆஸ்பத்திரியில் மேற்பார்வை இல்லாமல் உங்களைத் தொடவிடாத உடம்பு, அங்கேயும் தொடக்கூடாத உடம்புதான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியின் சாரமும் இதுவே. பிரசவத்துக்கு வரும் பெண் வலியோடு பத்து மைல் நடந்து வந்திருக்கலாம், உங்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நம்பியிருக்கலாம். நான் மாணவி என்பதை அவர் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் வயிற்றைத் தொட்டே குழந்தை கிடக்கும் நிலையைச் சொல்லும் செவிலியரின் பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் படிப்பு லண்டனில் கிடைக்காது.

கே: மெக்கானிக்கல் படிக்கிறேன். உகாண்டாவில் குடிநீர்த் திட்டம் ஒன்றில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். என்னால் என்ன பயன்?
— பொறியியல் மாணவர், கோவை

ப: தம்பி, உங்களுக்கு அங்கே ஓர் உறவுக்காரர் காத்திருக்கிறார். நம் ஊர்த் தெருமுனையில் நிற்கும் அடிபம்பு, இந்தியா மார்க் 2. உகாண்டாவில் அதன் வம்சத்துக்கு யு2 என்று பெயர். மார்க் 2ல் ஒரு வாஷர் தேய்ந்தாலும் கிணற்றுக்குள் இருக்கும் மொத்தக் குழாயையும் இழுத்து வெளியே போடவேண்டும். அதற்குத் தனிச் சாமான், நாலைந்து ஆள். அந்தத் தொல்லையைத் தீர்க்க 1980களில் களச் சோதனை நடந்தது உங்கள் கோவை வட்டாரத்தில்தான். பிறந்தது மார்க் 3. குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், பிஸ்டனை அதன் வழியாகவே மேலே உருவிவிடலாம். ஊர்க்காரர்களே பழுது பார்க்க வழி பிறந்தது.

சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளின் அடிபம்புகளில் சுமார் மூன்றில் ஒன்று ஓடாமல் நிற்பதாக 2009ல் மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் காரணம் சின்னது: ஸ்பேர் கிடைக்கவில்லை, மாதக் காசு வசூலாகவில்லை, மெக்கானிக்குக் கூலி பாக்கி. ஆகவே புதுப் பம்பு நட்டு போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, நிற்கிற பம்புகளைச் சுற்றிவந்து எது, எந்த உதிரிபாகத்தால், எத்தனை நாளாக நிற்கிறது, அந்தச் சாமான் எந்தக் கடையில் என்ன விலை, காசு வசூலிப்பது யார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். நோட்டு அங்கேயே இருக்கட்டும். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தங்கள் தோல்விகளை வருடாந்தர அறிக்கையாகவே அச்சிட்டது. கிளம்பும் முன் அதில் ஒன்றிரண்டு படியுங்கள்.

கே: ஐ.நா.வில் இன்டர்ன்ஷிப் என்றால் கௌரவம். ஆனால் சம்பளம் கிடையாதாமே?
— முதுகலை மாணவர், சென்னை

ப: ஐ.நா. செயலகத்தில் கிடையாது. 2015ல் ஜெனிவாவில் ஒரு நியூசிலாந்து இன்டர்ன் வாடகை கொடுக்க முடியவில்லை என்று கூடாரத்தில் தங்கிய செய்தி உலகம் முழுக்க ஓடியது. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தருகிறது. கடன் வாங்கிப் போக வேண்டாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வாழ்க்கைப்படி உண்டு, அதில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாட்டுக்காரர்களே. தொழில்நுட்ப மாணவர் என்றால் 1948ல் தொடங்கிய ஐ.ஏ.இ.எஸ்.டி.இ. மாணவர் பரிமாற்றத்தைப் பாருங்கள், சாப்பாடு, தங்குமிடச் செலவுக்குக் கட்டுப்படியாகும் ஊதியம் உண்டு.

கே: ஊசி, மாத்திரை, விசா?
— மாணவர், நாகர்கோவில்

ப: உகாண்டா, கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி, சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தித் தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள்; சில வகையை அதற்குப் பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். விசா விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். நேபாளத்தில் டூரிஸ்ட் விசாவில் தொண்டு வேலை செய்வது சட்டவிரோதம்.

கே: குழந்தைகளோடு எடுத்த படங்களைப் போடலாமா?
— மாணவி, பினாங்கு

ப: வெளிநாட்டு மாணவர் ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்து, மூக்கொழுக நிற்கும் உங்கள் தம்பியைத் தூக்கி வைத்துப் படமெடுத்து, பாவம் ஏழைப் பையன் என்று ஊரெல்லாம் காட்டினால் உங்கள் அம்மா என்ன சொல்வார்? அதே பதில். நார்வே மாணவர்கள் நடத்தும் எஸ்.ஏ.ஐ.எச். அமைப்பு 2012ல் ஒரு கேலி வீடியோ வெளியிட்டது: குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் திரட்டி அனுப்புகிறார்கள். பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள்.

கே: மொத்தத்தில் போகவே வேண்டாம் என்கிறீர்களா?
— மாணவர், யாழ்ப்பாணம்

ப: அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டு. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்நவாகாவில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் பாதிரியார் இவான் இலிச் பேசினார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் திரண்ட கருத்து. அதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். முழுசாகச் சம்மதிக்க முடியாததற்குக் காரணம், மொழி கற்று, உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கீழே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான். போங்கள். கற்கப் போங்கள், நீண்ட நாள் இருங்கள்.

கே: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள். அவர்களைக் கவனிப்பதிலேயே எங்கள் ஊழியர்களின் நேரம் போகிறது. மறுக்கவும் தயக்கம்.
— ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்

ப: தயங்காதீர்கள், வீட்டுக்காரர் நீங்கள். என்ன வேலைக்கு ஆள் வேண்டும், என்ன படித்திருக்க வேண்டும், குறைந்தது எத்தனை மாதம் தங்க வேண்டும் என்று எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். பொருந்தாதவருக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஊழியரின் நேரத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்திடம் கட்டணம் கேளுங்கள். அவர்கள் மாணவருக்கு நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். பேட்டிக்காகக் கிராமத்துக்குள் அழைத்துப் போகும் முன் ஊராரிடம் சம்மதம் வாங்குங்கள். கடைசியாக, அவர்கள் எழுதும் ஆய்வறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, பேட்டி கொடுத்த பெண்களின் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அந்தப் பெண்களே திருத்துவார்கள்.