1867ல இருந்து யாவாரம் பண்ற பேரனுக்கு

டேய் பேராண்டி, ஒன் ஆன்லைன் கடைய ஒங்க அத்தை போன்ல காட்டினா. அசந்து போயிட்டேன். ‘1867 முதல் உங்கள் சேவையில்’னு தங்கக் கலர்ல போட்டிருக்க. 1867ல லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கர்ல தேயிலை நட்டப்ப, நீயும் பக்கத்துல மம்பெட்டியோட நின்னிருக்கே, எனக்குத்தான் தெரியாம போச்சு. போன தீவாளி அட்வான்ஸ்ல பேக்கிங் மெசின் வாங்கினவன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போ.

மேல போட்டிருக்கியே, ஒன்பது வளைவுப் பாலத்துல ரயில் போற படம், அதுவும் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன ஒண்ணு, பாலம் ஊவாவுல, தெமோதரையில நிக்குது, நீ விக்கிறது பொகவந்தலாவைத் தூளு. நம்ம திம்புளப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் ஏறுறது சனவரியில இருந்து மார்ச் வரைக்கும். ஊவாவுக்கு சூலைக்கு மேல, கச்சான் காத்துல. வெவரம் தெரிஞ்சவன் அந்தப் படத்தப் பார்த்தான்னா ஒன் தூளக் குடிக்கவே வேணாம், ஆளை எடை போட்டுருவான். பொகவந்தலாவையில மலைக்கா பஞ்சம்? வெயில் வந்த நேரம் வாசல்ல நின்னு ஒரு படம் புடிச்சா போன் தேஞ்சு போயிருமா?

அப்புறம் அந்தச் சிங்கம். வாளைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற சிங்கத்த மூலையில ஒட்டி வச்சிருக்க. கம்பீரம்தான். ஆனா அது தேயிலைச் சபையோட சிங்கம்டா, கோயில் கோபுரத்துச் சிங்கம் இல்ல, நெனச்சவன்லாம் தூக்கிட்டுப் போக. நூத்துக்கு நூறு இலங்கைத் தேயிலையா, இங்கயே பொதி பண்ணினதா, தரம் சரியானு பார்த்து அவங்க அனுமதி குடுத்தாத்தான் ஒட்டலாம். அது வரைக்கும் சிங்கத்த எறக்கி வையி. பாவம், அதுக்கும் வலிக்கும்.

நட்சத்திரம் வாங்கியிருக்கியே, அதையும் எண்ணிப் பார்த்தேன். அஞ்சு அஞ்சா வாரிக் குடுத்தவங்க எல்லாம் நம்ம லயத்து ஆளுங்க. ‘வெரி நைஸ் டீ, வேர்ல்ட் பெஸ்ட்’னு எழுதினது ஒங்க சித்தப்பன். அவன் டாக்டர் சொன்னதுல இருந்து தேத்தண்ணியே தொடுறதில்ல.

சரி, நீ மொகத்தத் தூக்காத. ஒனக்கு முன்னாடி ஒருத்தன் இதவிடப் பெரிய கூத்தெல்லாம் ஆடியிருக்கான். தோமஸ் லிப்டன்னு பேரு, கிளாஸ்கோவுல 1871ல பலசரக்குக் கடை போட்டவன். ஒரு கிறிஸ்மஸுக்கு யானை கணக்கா பெரிய பாலாடைக்கட்டிய ஊர்வலமா கொண்டுவந்து, உள்ள தங்கக் காசு வச்சு வித்தான். வாங்க வந்த கூட்டத்துக்குப் பொலிஸ் வேண்டியிருந்திச்சு. 1890ல இங்க வந்து தம்பேதன்னை மாதிரித் தோட்டங்கள வாங்கினான். கூத்து ஆடினவன்தான், இல்லேங்கல. ஆனா அவன் தூளு விக்கிறப்ப பாரு: பெட்டியில இருந்து அள்ளி அள்ளி நிறுத்துக் குடுத்த காலத்துல, கால் றாத்தல், அரை றாத்தல், ஒரு றாத்தல்னு எடையக் கட்டி, மேல அச்சடிச்சுக் குடுத்தான். கூத்து கூட்டத்தக் கூட்டுச்சு. எடை திரும்ப வர வச்சுச்சு. நம்ம மெரில் பெர்னாண்டோவும் டில்ஹான், மலிக்னு ரெண்டு மகனுங்க பேரையும் சேர்த்து டில்மானு வச்சாரு, விளம்பரத்துல தானே வந்து நின்னு பேசினாரு. பாலத்தக் காட்டல, மொகத்தக் காட்டினாரு.

நீ எடைய எங்க போட்டிருக்க? தேடித் தேடிப் பார்த்தேன். ‘ஒரு பக்கெட்’னு இருக்கு. எந்த பக்கெட்டு, மாட்டுக்குத் தண்ணி வைக்கிறதா? வெலை கேட்டா ‘இன்பாக்ஸ் வாங்க’ங்கற. பொண்ணு பாக்கவா வர்றாங்க, தனியா கூப்பிட்டுப் பேச? கடைசியில கூரியர் காசுனு ஒண்ணு முளைக்குது. கொழுந்து நிறுக்கிற எடத்துல கூடைக்கு, ஈரத்துக்குனு கழிக்கிறப்ப ஒங்க பாட்டி வாய்க்குள்ளயே திட்டுவாளே, அதே திட்டைத்தான் இப்ப கொழும்புல ஒருத்தி ஒன்னைத் திட்டிக்கிட்டு இருப்பா. எடை, வெலை, பொதி பண்ணின தேதி, முடியிற தேதி எல்லாம் பொட்டலத்துல இருக்கணும்னு நுகர்வோர் அதிகார சபை சொல்லுது. பொட்டலத்துல போடுறத ஒன் ஆன்லைன் கடையிலயும் போடு, கூரியர் காசையும் அங்கயே எழுது.

ஒன் தூளு படத்தச் சொல்ல மறந்துட்டேன். ராத்திரி, மஞ்சள் பல்ப்பு, பின்னால கொடியில ஒங்க அம்மா சீலை. தேயிலையா, அடுப்புக் கரியானு தெரியல. காசு குடுத்து ஆள் கூப்பிடாத. நேரா தோட்டத்து ஸ்டோருக்குப் போயி டீமேக்கர் ருசி பார்க்கிற மேசையப் பாரு. சன்னல் வெளிச்சத்துல வெள்ளைக் கோப்பை வரிசை. ஒவ்வொண்ணுக்கும் பின்னால காஞ்ச தூளு, கவுத்த மூடி மேல வெந்த எலை, முன்னால சாயம். அவ்வளவுதான். நூறு வருசத்துக்கு மேல உலகத்துக்கே தேயிலை வித்தவங்க அந்த மூணையும் பார்த்துத்தான் வெலை சொல்றாங்க. அதையே காலையில பனி வெலகினதும் மூணு படமா எடுத்துப் போடு. இது பி.ஓ.பி., வெறுந்தேத்தண்ணிக்கு, இது டஸ்ட்டு, பால் ஊத்தினா தாங்கும்னு பக்கத்துல ரெண்டு வரி எழுது. தமிழ்லயும் எழுது, தமிழ்ல எழுதினா மதிப்புக் கொறஞ்சிரும்னு நெனக்கிறியே, 2010லயே ‘.இலங்கை’னு தமிழ்ல வலை முகவரி குடுத்துட்டாங்க, தெரியுமா?

போன் நம்பர் மூணு வேணாம். எடுக்கிற நம்பர் ஒண்ணு போதும்.

மொத ஆர்டர் நான் போடுறேன், எழுதிக்க: கால் கிலோ பி.ஓ.பி. காசு, பொட்டலம் கைக்கு வந்து முக்குக் கடைத் தராசுல நிறுத்துப் பார்த்தப்புறம்தான்.