இருபது கிராம் மான்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, வேலையைத் தட்டிக்கழிக்கப் பிறந்த பொருள். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி வில்லை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு வந்தது. அதைக் கொண்டுவர ஓடியாடியவர்களில் ஹென்றி கோல் ஒருவர். தபால் மலிந்ததும் ஆளாளுக்கு எழுதத் தொடங்க, டிசம்பரில் அவருக்குப் பதில் போட்டு மாளவில்லை. போடாமல் விட்டால் மரியாதைக் குறைவு. 1843-ல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரைய வைத்து, ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டார். மேலே யாருக்கு என்று ஓர் இடம், கீழே யாரிடமிருந்து என்று ஓர் இடம். நடுவில் நலமா, மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. ஓர் அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் வந்தது. குடும்பமே வைன் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தப் படத்தில் ஒரு குழந்தைக்கும் ஒரு வாய் புகட்டுவதைப் பார்த்து மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

இந்த வரலாற்றை நான் மதினியிடம் சொன்னேன். வைகை அணைப் பக்கம் எங்கள் வீடும் அண்ணன் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மதினி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்போது ஒரு கலைமானின் கொம்பைக் குண்டூசியால் நெம்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அந்த மனுசனுக்கு வேலை செய்யச் சோம்பல், தம்பி. நமக்கென்ன வந்துச்சு?"

எனக்கு வந்தது, மதினி கையால் செய்யும் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்குக் கைப்பிடி சுற்றுகிற வேலை.

அண்ணன் மகன் டொரண்டோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன டை கட்டிங் மெஷினில் மின்சாரம் கிடையாது. இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கெட்டித் தாள், தாளின்மேல் கூர் விளிம்பு கீழே பார்க்கும்படி டை என்கிற மெல்லிய இரும்பு வெட்டச்சு, அதற்கும் மேல் இன்னொரு தட்டு. இந்த அடுக்கை உருளைகளுக்கு நடுவில் கொடுத்துச் சுற்ற வேண்டும். பாதியில் தட்டுகள் 'மடக் மடக்' என்று ஓசை எழுப்பும். உடைந்தது மெஷினா, தோள்பட்டையா என்று முதலில் சந்தேகம் வரும். அந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தால் தாள் மானாகியிருக்கும். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மீன் வறுவல் கடைக்காரர், "டீச்சர், கரும்பு ஜூஸ் கடை போடப் போறீங்களா? அணை வாசல்ல நல்லா ஓடும்" என்றார். மதினி அவருக்கு ஒரு மானைக் கொடுத்து அனுப்பினார். அவர் அதைக் கல்லாவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

டை என்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சிவகாசியில் பட்டாசுப் பெட்டி, இனிப்புப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் வெட்டுப்படுகின்றன. பிளைவுட் பலகையில் படம் வரைந்து, கோட்டோடு கோடாக ரம்பத்தால் அறுத்து, அந்தப் பிளவில் வளைத்த இரும்புப் பட்டையைச் சொருகுவார்கள். பட்டைக்கு இரு பக்கமும் ரப்பர் ஒட்டுவார்கள். வெட்டிய தாளை ரப்பர்தான் வெளியே தள்ளிவிடும். மதினியின் டைக்கு அந்த ரப்பர் இல்லாததால் தள்ளிவிடும் வேலை குண்டூசிக்கு. ஒரு மானுக்குக் கொம்பில் மட்டும் அத்தனை கிளை. கொம்பு முழுசாக வந்தால் வால் வராது.

வைகை அணையின் உயரம் 111 அடி; தேக்குவது 71 அடி. 1959 ஜனவரி 21-ல் காமராசர் திறந்துவைத்த நாளிலிருந்து இதுதான் கணக்கு. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் இந்த ஏற்பாடு உண்டு. நவம்பர் கடைசியில் மேசையின் ஓரத்தில் பசையும் கத்தரிக்கோலும் தென்படும். அது முதல் எச்சரிக்கை. தட்டை நகர்த்தி வைத்துச் சாப்பிடலாம். டிசம்பர் முதல் வாரத்தில் தாள் கட்டுகள் நடு மேசைக்கு வந்து, ரசச் சட்டி அடுப்படிக்குத் திரும்பிவிடும். மூன்றாவது எச்சரிக்கையில் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சங்கு ஊதுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மதினிக்குத் தாள் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கெட்டித் தாள் மதுரையில் கிடைக்கும், விலைதான் ஆகாது. ஆனால் நம் வீடுகளில் விலை கொடுக்காமலே சேர்கிற முதல்தரமான கெட்டித் தாள் ஒன்று உண்டு: கல்யாணப் பத்திரிகை. தங்க மை, மேடாக எழும்பிய எழுத்து, பட்டுத் துணியை நினைவூட்டும் மினுக்கம். சாமி படம் இருப்பதால் யாரும் குப்பையில் போடுவதில்லை. பரணில் ஏறிக்கொண்டே போகும். தெருவில் எல்லாரும் அந்தக் கட்டுகளை மதினியிடம் தந்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மதினி முதலில் பிள்ளையாரையும் மீனாட்சியையும் கல்யாணக் கோலத்துப் பெருமாளையும் பதவிசாகத் தனியே வெட்டி எடுத்துவிடுவார். தூக்கிப்போட அவருக்கும் மனசு வராது. இன்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மேசை இழுப்பறையில் மும்மூர்த்திகளும் முப்பெருந்தேவியரும் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். இழுப்பறையைத் திறக்கும்போது அண்ணன் செருப்பைக் கழற்றிவிடுகிறார்.

அட்டையில் படம் குத்தும் ஸ்டாம்புக்கு வருவோம். இதில் என் அனுபவத்தை நம்பித்தான் மதினி என்னைக் கூப்பிட்டார். நான் அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன்; வாழ்நாளில் குத்திய முத்திரைகளை வரிசையாக வைத்தால் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும். ஆனால் இரண்டும் வேறு வேறு சாத்திரம். அலுவலக முத்திரையை மணிக்கட்டிலிருந்து ஓங்கிக் குத்த வேண்டும்; சற்றே சாய்ந்து, தேதி தெரியாமல் விழுந்தால்தான் அதற்குக் கம்பீரம். கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் கண்ணாடி போன்ற பிசின் தகடு. அதை அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, மையை ஒற்றி, தாளின்மேல் நேராக வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, ஆட்டாமல் நேராகவே தூக்க வேண்டும். பிறகு ஈர மையின்மேல் ஒரு பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்றுத் துப்பாக்கியைக் காட்டினால் பொடி உருகி எழுத்து மேடாக நிற்கும். நான் குத்தியதில் கிறிஸ்துமஸ் தாத்தா பார்வையிடப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டவர் போலவே தெரிந்தார் என்று மதினி கருதினார். அத்தோடு பொடி தூவும் நேரத்தில் மின்விசிறிக்கு ஊரடங்கு. ஒருநாள் அண்ணன் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்ட, மறுநாள் மீன் குழம்பு ஜொலித்தது.

இதற்கெல்லாம் வழியில்லாத காலத்தில் நாங்கள் பள்ளியில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டுக் குத்தினோம். ஐந்து முனை நட்சத்திரம், செலவே இல்லை. சில காயில் ஆறு முனை வரும். தாவீதின் நட்சத்திரத்துக்கு ஆறு முனைதான் என்பதால் வேதத்துக்கும் விரோதம் இல்லை. இந்தச் சிக்கனத் திட்டத்தை ஆண்டிபட்டிச் சந்தை விலையோடு சேர்த்து மதினியிடம் சமர்ப்பித்தேன். "அதுல புளிக்குழம்பு வைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

டொரண்டோவில் வாங்கிய டைகளில் இருக்கிற உலகத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பனித்துகள், புகைபோக்கி, கம்பளிக் கையுறை, சறுக்குவண்டி. தேனி மாவட்டத்தில் புகைபோக்கி வழியாக ஒருவர் இறங்க வேண்டுமானால் நூற்பாலைக்குத்தான் போக வேண்டும். மேகமலையில் பஞ்சு பஞ்சாக இறங்குவதும் பனிமூட்டம்தானே தவிர உறைபனி இல்லை. எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளை. அதற்கு டை கிடையாது. அப்புறம் அந்த ராபின் குருவி. அது அட்டையில் வந்து உட்கார்ந்த கதை பொருத்தமானதுதான்: விக்டோரியா காலத்து இங்கிலாந்துத் தபால்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டிருந்ததால் அவர்களுக்கு ராபின் என்றே பட்டப்பெயர். தபால்காரரை வரைவதற்குப் பதிலாகக் குருவியை வரைந்தார்கள். அந்தக் காலத்து அட்டைகளில் சிலவற்றில் குருவி செத்துக் கிடக்கும், அதற்கும் கீழே வாழ்த்து இருக்கும். வெள்ளைக்காரன் ரசனையை முழுசாகப் புரிந்துகொள்ள முயலக் கூடாது. நம்மூருக்குத் தக்கபடி கொண்டைக்குருவியைப் போடலாமே என்றேன். மதினி கொஞ்ச நேரம் யோசித்தார். "ராபினுக்கு நெஞ்சுல சிவப்பு. நம்ம குருவிக்கு அது இருக்கிற இடம் வாழ்த்து அட்டைக்கு ஆகாது, தம்பி."

நியாயம்தான். ஆனாலும் படம் பார்த்து அட்டை அனுப்புகிற ஆபத்து எங்களுக்குத் தெரியாததா? ஆண்டிபட்டித் தொகுதியில் பொங்கல் வாழ்த்து வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். மார்கழி பிறந்ததும் நடைபாதையில் சாக்கை விரித்து அட்டைகளைப் பரப்பிவிடுவார்கள்: கரும்பு, பானை, மாடு, முருகன், நடிகர், நடிகை. எம்.ஜி.ஆர். ரசிகனுக்குத் தவறியும் சிவாஜி படம் போய்விடக் கூடாது; போனால் தை பிறந்தாலும் வழி பிறக்காது. 1984-ல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்த ஊர் இது. உறையை ஒட்டாமல் மடித்துச் சொருகி, 'புக்போஸ்ட்' என்று எழுதி, குறைந்த வில்லையில் அனுப்புவோம். ஒட்டாத உறையை வழியில் எல்லாரும் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் வகுப்புத் தோழிக்கு ரோஜாப் படம் அனுப்பியவன் மாட்டிக்கொள்வான். ஒரு டஜன் அட்டையை ஒரு மாலையில் முடித்துவிட்டுக் கிட்டிப்புள் ஆடப் போனோம். ஹென்றி கோல் எங்களைப் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார்.

மதினியின் அட்டைக்குத் தபால் நிலையத் தராசு வில்லனாக வந்தது. சாதாரணக் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய்; தாண்டினால் 10. முன்னூறு ஜி.எஸ்.எம். தாளை மடித்தாலே ஒன்பது கிராம் சொச்சம். உறை, மான், மானுக்கு அடியில் தூக்கிக் கொடுக்கும் ஃபோம் டேப், நட்சத்திரம், ரிப்பன் என்று எல்லாம் சேர்ந்து 22-ல் நின்றது. இரண்டு கிராமுக்காக ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்து ரூபாய் கூடுதல் என்பதை ஒரு கணக்கு டீச்சரால் தாங்க முடியாது. மானின் ஒரு காலை எடுத்துவிடலாமே என்றேன். "நொண்டி மானையா தாத்தா வண்டியில பூட்டுறது?" என்றார். கடைசியில் வீட்டுக்கு வந்து ஜிகினாவைச் சுரண்டினோம், ரிப்பனைக் கழற்றினோம். அட்டையின் நடுவில் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டி, அதில் நூல் கட்டி ஒரு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டிருந்தார். திறந்தால் அது சுழலும். அதன் பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளையும் உரித்துவிட்டோம். பத்தொன்பதரை. மதினி முகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனைப் பார்த்த திருப்தி.

தபால் நிலையத்தில் தேதி முத்திரை குத்தியவரின் கை வேகத்தை நான் தொழில்முறை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றே சாய்வு, தேதி தெரியவில்லை, என்ன ஒரு கம்பீரம்! ஒவ்வொரு குத்துக்கும் மதினி கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே மான் படுத்துவிட்டிருக்கும்.

பதில்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. பாதிப் பேர் மதினியின் அட்டையையே படமெடுத்து மதினிக்கே அனுப்பி, கீழே கை கூப்பியிருந்தார்கள். சென்னை உறவுகள் பனி கொட்டுகிற, மணி அடிக்கிற அசையும் படங்களை அனுப்பினார்கள். அவை ஏற்கெனவே பல வீடுகள் சுற்றி வந்தவை. டொரண்டோக்காரன், "அம்மா, சூப்பர்" என்றான்.

கம்பத்திலிருந்து பெரியம்மா மட்டும் போன் செய்தார். வயது எண்பதுக்கு மேல், கண்ணில் புரை, ஆனால் குரலில் தெம்பு. "ஏன்டா, கல்யாணத்தைக் கடைசி நேரத்துலயா சொல்வீங்க? என்னால வர முடியாதுன்னு பேரன்கிட்டச் சொல்லி மொய் அனுப்பிட்டேன். பொண்ணு எந்த ஊரு?"

விசாரித்ததில் விஷயம் தெளிவானது. கெட்டித் தாள், தங்க எழுத்து, தடவிப் பார்த்தால் மேடு. நட்சத்திரம் சுழன்று பின்பக்கம் திரும்பி நின்றிருக்கிறது. அதில் 'சுபமுகூர்த்தம்' என்பதும் 'சுற்றமும் நட்பும்' என்பதில் பாதியும் இருந்திருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்து அதுவரைக்கும் படித்துவிட்டார். அண்ணன் போனில் 501 ரூபாய் வந்து விழுந்திருந்தது.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் அண்ணன். மதினி அவரை முறைத்தார். வந்த மொய்யைத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் உறவை வெட்டிவிடுவதற்குச் சமம். டை தேவைப்படாத வெட்டு. அலமாரியிலிருந்து மொய் நோட்டை எடுத்து, பெரியம்மா பெயரையும் தொகையையும் எழுதினார். என்ன விசேஷம் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்து, 'மான்' என்று எழுதினார்.

அடுத்த டிசம்பருக்கு மதுரையில் நல்ல தாளாக வாங்கிவிடலாமா என்று கேட்டேன். மதினி நோட்டில் கண்ணை ஓட்டி, ஒரு பக்கம் பெரியம்மாவின் அட்டைக்கு ஆன பத்து ரூபாய்க்கும் குறைவான செலவையும் மறுபக்கம் 501-ஐயும் பார்த்தார். "எதுக்கு? பத்திரிகைதான் பரண் நிறைய இருக்குல்ல" என்றார்.