மிட்வைப் மிஸ் இளைப்பாறவில்லை

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஓய்வெடுப்பதில்லை. விதானையார் கோயில் நிர்வாகசபைக்குள் புகுந்து அங்கேயும் எல்லைப் பிணக்குத் தீர்ப்பார். அதிபர் செத்தவீடுகளில் இரங்கலுரை ஆற்றுவார். செத்தவர் ஒருவர்தான் தப்புவார். கிராமத்து மிட்வைப்புக்கு இந்த வசதிகள் இல்லை. முப்பது வருடமாகக் குடையும் பையுமாக வீடு வீடாகத் திரிந்த கால் அது. அதற்கு ஒரு பிரசவம் வேண்டும். எங்கள் பூநகரியில் பெண்பிள்ளைகள் இப்போது ஒன்று இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதது நாய்தான்.

நான் சொல்லப்போகிற மிஸ் ஒருவர் அல்லர். வாடியடியில் ஒருவர், முழங்காவிலில் ஒருவர் என்று நாலைந்து பேரைக் குழைத்துப் பிடித்தது. ஆகவே ஒருவரும் கோபித்துக்கொண்டு என் படலைக்குக் குடையோடு வரத் தேவையில்லை.

மார்கழி மழை. வயலெல்லாம் வெள்ளம். மிஸ் வீட்டு விறகுக் கொட்டிலுக்குள் நாய் ஏழு குட்டி போட்டிருக்கிறது. வேறு வீடென்றால் "சனியன், இஞ்சை வந்து போட்டிட்டுது" என்பதோடு முடிந்துவிடும். மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "சுகப்பிரசவம்" என்று அறிவிப்பார். பிறகு பக்கத்து வீட்டில் மீன் நிறுக்கிற மின்தராசை இரவல் வாங்குவார். 310 கிராம், 280 கிராம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். 190 கிராமில் ஒன்று அகப்பட்டால் சிவப்பு மையால் கோடு. அதற்கு விசேட கவனிப்பு, துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல், முலைக்காம்பில் முதல் உரிமை. நம் நாட்டில் பிள்ளைக்குக் கொடுக்கிற சுகாதாரப் பதிவேடு பெண்ணென்றால் றோசா நிறம், ஆணென்றால் நீலம். மிஸ் சந்திக் கடையில் அதே நிறங்களில் கொப்பி தேடுவார்.

முதல் மூன்று கிழமை பார்வையாளருக்கு அனுமதியில்லை. குட்டிக்குக் கண் திறக்கப் பத்துப் பதினாலு நாள் ஆகும். காதும் அடைத்தபடிதான் இருக்கும். சொந்தச் சூட்டில் உயிர் தங்காது. தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும். இதை விளக்கும்போது மிஸ்ஸின் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும்: "மனிசருக்கும் இப்பிடியெண்டா, ஊரில எவளும் இரண்டாவது பிள்ளை பெறாள்."

தாய் நாய்க்குச் சூடைத் தலை போட்டு அவித்த சோறுதான், சத்துமா கிடையாது. இதிலே ஒரு சரித்திரம் உண்டு. 1973 இல் தொடங்கிய திரிபோஷாச் சத்துமாவை மிஸ் தன் சேவைக்காலம் முழுவதும் தாய்மாருக்குப் பங்கிட்டவர். அதைக் கோழிக்குப் போட்ட வீடுகளைக் கண்டால் முற்றத்தில் நின்றே கிழிப்பார். இப்போது யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி நல்ல மனதோடு, "மிஸ், உங்கடை நாய்க்கு" என்று ஒரு பைக்கற்றை நீட்டிவிட்டாள். மிஸ் பைக்கற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டுபோய், சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து, தன் முன்னாலேயே அவளைத் தின்ன வைத்துத்தான் அனுப்பினார். நாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நாலாம் கிழமையிலேயே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அந்த வயதில்தான் குட்டி உருண்டு திரண்டு அழகாக இருக்கும். மிஸ் விடமாட்டார். எட்டுக் கிழமை. கூடப் பிறந்ததுகளோடு கடிபட்டால்தான் கடி நோகும் என்பது குட்டிக்குத் தெரியும். தனியே வளர்ந்தது பிறகு பிள்ளைகளைக் கடித்துப் பழகும். பூச்சிமருந்து இரண்டு தரம் கொடுத்தாகவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசிக்குப் பெயர் பதிந்தாகவேண்டும். ஊசி எதற்கு என்று கேட்டவனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 1973 இல் மட்டும் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் செத்தார்கள், இப்போது வருடத்துக்குச் சில பத்துப் பேரோடு நிற்கிறது, அது வைரவர் குறைத்தது இல்லை, ஊசி குறைத்தது.

ஆனால் குட்டி கொடுக்கும்போது வைரவரை விடவும் மாட்டார். "வைரவற்ற வாகனத்தை வேண்டாமெண்டு சொல்லுறியோ?" என்றால் வேலியோரம் சூலம் நட்டு விளக்கு வைக்கிற வீட்டுக்காரன் என்ன செய்வான்?

சாதி நாயா என்று கேட்பவர்கள் தனி ரகம். மேடையில் ஏறினால் சாதி ஒழிப்புப் பேசுகிற ஒருவர்தான் முதலில் கேட்டார். "இது என்ன சாதி, மிஸ்?"

"பூநகரிச் சாதி. எங்கடை மொட்டைக்கறுப்பன் நெல்லு மாதிரி. மழைத்தண்ணியிலயே வளரும், பசளை கேக்காது."

கடுவன் குட்டிகள் போய்விடும். சிக்கல் பெட்டைகளில்தான். பெட்டையென்றால் பிறகு அது குட்டி போடும், தெருவில் உள்ளதெல்லாம் படலையில் வந்து நிற்கும் என்று ஒவ்வொரு வீடும் ஒரே பல்லவி. இங்கேதான் மிஸ்ஸின் உத்தியோக பலம் வெளிப்படும். அந்தப் பிரதேசத்தில் முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பிறப்பு நிறை அவருக்கு மனப்பாடம்.

"பெட்டையெண்டா வேண்டாம், மிஸ்."

"ஓமடி பிள்ளை. நீ மூண்டாவது பெட்டை எண்டு கொப்பரும் மூண்டு நாளா ஆசுப்பத்திரிப் பக்கம் வரேல்லை. இப்ப அவருக்கு ஆர் சோறு போடுறது?"

அவள் பேசாமல் கடகம் எடுத்துவரப் போய்விடுவாள்.

மறுக்கிறவர்களை விடக் களவாகக் கழிக்கிறவர்கள்தான் மிஸ்ஸின் பரம எதிரிகள். 2011 தை மாதம் எங்களை அக்கரையோடு இணைக்கிற சங்குப்பிட்டிப் பாலத்தைத் திறந்தார்கள். முந்திக் கேரதீவுக் கடலைப் பாதைப் படகில் ஏறிக் கடந்த சனம் இப்போது ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அக்கரையில் நிற்கிறது. பாலத்தால் அபிவிருத்தி வந்தது என்கிறார்கள். உரைப்பையும் வந்தது. இருட்டியபின் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நிற்கும், பை ஒன்று இறங்கும், பைக்குள் முனகல் கேட்கும். அங்குள்ளவன் இங்கே விட, இங்குள்ளவன் அங்கே விட, இரண்டு கரையிலும் கணக்குச் சரியாகவே இருக்கிறது. 2006 இலிருந்து அரசாங்கம் நாய் பிடித்துக் கொல்வதை நிறுத்திவிட்டது. அந்த வேலையைப் பாலத்தில் காற்றும் பட்டினியும் சம்பளமில்லாமல் பார்க்கின்றன.

ஒருமுறை அப்படி வந்த பைக்குள் மூன்று பெட்டைக் குட்டிகளும் ஒரு பழைய சாறமும் இருந்தன. சாறம் மிஸ்ஸுக்குத் தெரிந்த சாறம். அடுத்த நாள் அதைத் தோய்த்து, மினுக்கி, மடித்து, குட்டிகளோடு அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை பார்க்க வந்த ஆட்கள் முற்றத்தில் இருந்தார்கள். "உன்ரை சாறத்தைப் பாலத்தடியில விட்டிட்டு வந்திட்டாய், தம்பி." அந்த மூன்றும் இப்போது அங்கேதான் குரைக்கின்றன. கலியாணமும் நடந்தது, பெண் வீட்டார் நாய்களுக்கு இரங்கும் குடும்பம் என்று நினைத்துவிட்டார்களாம்.

ஒன்றை மட்டும் மிஸ் யாருக்கு எதிராகவும் எடுத்துப் பேசியதில்லை. 2008 இல் போரில் ஊர் எழும்பிப் போனபோது நாய்களைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள். சில நாய்கள் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பரந்தன் றோட்டில் நெடுந்தூரம் ஓடிவந்தன. திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள் குடியிருந்த நாட்களில் சனம் முதலில் கேட்டு வாங்கியவை நாய்க்குட்டிகள்தான். கடுவனா பெட்டையா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

கொடுத்ததோடு விடமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். பிரசவித்த தாயை ஐந்து நாளுக்குள் வீட்டில் போய்ப் பார்ப்பது மிட்வைப்பின் கடமை. அந்தப் பழக்கத்தில் குட்டி போன வீட்டுக்கும் போவார். ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் சங்கிலியில் கிடந்த குட்டி அவிழ்க்கப்படும், காய்ந்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றப்படும், குளிப்பாட்டாத சின்னப்பிள்ளைகூடக் கிணற்றடிக்கு ஓடும். கொப்பியில் பதிவு விழும்: "நிறை போதாது. வீட்டுக்காரர் நல்ல நிறை."

ஊருக்கும் ஒரு பழி தீர்க்கும் கேள்வி உண்டு. போன ஆவணியில் சந்தைக்குள் வைத்து, நாலு பேர் கேட்க, மரக்கறிக்காரர் கேட்டேவிட்டார்: "ஊர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாடு படிப்பிச்சனீங்கள். உங்கடை வீட்டு நாய் வருசம் ஏழு போடுதே, மிஸ்?"

மிஸ் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கருத்தடைக்கு மிருக வைத்தியர் வந்த அண்டைக்கு அது வீட்டில நிக்கேல்லை, அண்ணை. உங்கடை மனிசியும் அப்பிடித்தான். கிளினிக் நாள் எண்டால் கிராஞ்சியில தமக்கை வீட்டுக்குப் போயிடுவா. இப்ப கடைசிப் பெடியன் எத்தினையாம் வகுப்பு?"